ஆய்வுக் கிண்ணத்தில் ஒரு கருப்பைப் படலம்

இம்மாதம் இப்பகுதிக்கு எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், குடும்பத்தார் எல்லோரும் கூடியிருக்கும் வேளையில் உரக்கப் படிப்பதற்கு ஏற்றதன்று என்று சிலர் கருதக்கூடும். கருப்பையைப் பற்றியும் மாதவிடாயைப் பற்றியும் ஆண்மகன் ஒருவன் பத்திரிகையில் எழுதுவதாவது என்று முகம் சுளிப்போரும் இருக்கலாம். ஆயினும், மணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் மகப்பேறு வாய்க்காத பெண்கள் படும் துயரை அருகிலிருந்து கண்டவர்கள் இதனை ஒதுக்கித் தள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன். ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் “விசேஷம் ஏதும் உண்டா?” என்ற கேள்வி தவறாமல் வருகிறது. அந்தக் கேள்வி எப்போதும் பெண்ணிடமே கேட்கப்படுகிறது என்பதையும் நேயர்கள் அறிவார்கள்.

நம் தில்லி மாநகரிலேயே, அன்சாரி நகரிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், அதாவது நாம் எல்லோரும் ‘எய்ம்ஸ்’ என்று வழங்கும் மருத்துவமனையில், நடந்த ஒரு முயற்சியிலிருந்து தொடங்குகிறேன். நீதா சிங், சுஜாதா மொஹந்தி முதலிய மருத்துவ, விஞ்ஞான நிபுணர்கள் 2014-ஆம் ஆண்டில் அதன் விவரத்தை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஆறு பெண்களை. அறுவருக்கும் கருப்பையின் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உட்படலம் தேய்ந்து போயிருந்தது. ஜோசப் ஆஷர்மன் என்ற மருத்துவர் 1948-இல் விரிவாக எழுதியதனால் இந்நிலைக்கு ‘ஆஷர்மன் நோய்’ என்று பெயர் வழங்குகிறது. ஒட்டுகளைப் பிரித்துவிடும் வழக்கமான சிகிச்சை அறுவருக்கும் பயன்படவில்லை. ஆகவே அவரவர் எலும்பு மஜ்ஜையிலிருந்தே உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, கருப்பைப் படலத்தின் அடிப்பகுதியில் ஊசி மூலம் செலுத்தி, பின்பு ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்த படலம் ஆறு மாதங்களில் 5 மில்லிமீட்டரைத் தாண்டியது. அறுவரில் ஐவருக்கு நின்றுபோயிருந்த மாதவிடாய் திரும்பிற்று.

இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 2011-இல், அகமதாபாத்தில் சைதன்ய நகோரி முதலியோர் ஒரு பெண்ணுக்கு இவ்வகைச் சிகிச்சை செய்து, பின்னர் சோதனைக்குழாய் முறையில் அப்பெண் கருவுற்றதாக அறிவித்திருந்தனர். மாதவிடாய் திரும்புவது வேறு, கரு தங்குவது வேறு, குழந்தை பிறப்பது வேறு என்பதை மனத்தில் கொண்டே இச்செய்திகளைப் படிக்க வேண்டும். ஆனாலும் சாமானியமான செய்திகள் அல்ல இவை.

கருப்பைப் படலம் என்றதும் ஏதோ மெல்லிய தோல் என்று எண்ணிவிட வேண்டா. மாதவிடாய் முடிந்தவுடன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவே இருக்கும் அது, இரண்டு வாரங்களுக்குள் பன்மடங்கு தடித்துவிடுகிறது. சுரப்பிகளும் இரத்த நாளங்களும் அவற்றைத் தாங்கும் திசுவும் அதில் புதிதாக உண்டாகின்றன. கரு வந்து தங்குமானால் அதற்கு முதல் உணவளிப்பதும் அச்சுரப்பிகளே. கரு வாராதபோது மேலடுக்கு முழுவதும் உதிர்ந்து, வடுவேதுமின்றி மறுபடியும் வளர்கிறது. ஒரு பெண்ணின் வாழ்நாளில் இது சுமார் 400 முறை நடக்கிறது. கையில் ஒரு முறை கத்தி பட்டால் தழும்பு ஆயுளுக்கும் நிற்கிறது. இங்கோ 400 முறை புண்ணாகியும் தழும்பு இல்லை!

இந்த வித்தை எங்ஙனம் நிகழ்கிறது? வாழைத் தோட்டம் பார்த்தவர்களுக்கு விளக்குவது எளிது. குலை தள்ளிய மரத்தை வெட்டிச் சாய்த்த பிறகும் மண்ணுக்கடியில் கிழங்கு இருக்கிறது. அதிலிருந்து பக்கக்கன்று முளைக்கிறது. கருப்பைப் படலத்திலும் உதிர்கின்ற மேலடுக்கு ஒன்று, உதிராமல் நிற்கும் அடியடுக்கு ஒன்று என இரண்டு உண்டு. அடியடுக்கில் ‘ஸ்டெம் செல்’ எனப்படும் குருத்தணுக்கள் இருக்கின்றன. குருத்தணு என்பது தன்னைப்போல் மற்றொன்றையும் பெற்றெடுத்து, வேறு வகை உயிரணுக்களாகவும் மாறவல்லது. ஆஸ்திரேலியாவில் கரோலின் கார்கெட் அம்மையாரும் அவருடைய சகாக்களும் 2004-இல் கருப்பைப் படலத்தின் உயிரணுக்களைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்துப் பார்த்தார்கள். சுரப்பி வகை உயிரணுக்களில் ஆயிரத்திற்கு ஏறத்தாழ இரண்டும், தாங்கு திசு வகையில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேலும் மட்டுமே ஒற்றை அணுவிலிருந்து ஒரு கூட்டமாகப் பெருகின. கிழங்கு எவ்வளவு சிறியது என்பதை இதனால் உணரலாம்.

கிழங்கு அழுகிவிட்டால் எவ்வளவு நீர் வார்த்தாலும் கன்று முளைக்காது. நம் நாட்டில் இக்கிழங்கை அரிக்கும் முக்கியமான பகைவன் காசநோய். காசநோய் என்றதும் நமக்குத் தாம்பரம் ஆஸ்பத்திரியும் இருமலும்தாம் நினைவுக்கு வருகின்றன. நுரையீரலில் புகுந்த கிருமி இரத்தத்தின் வழியே கருக்குழாய்களை அடைந்து, அங்கிருந்து கருப்பைக்கும் இறங்குவதுண்டு என்பதைப் பலர் அறியார். இருமலும் இராது, காய்ச்சலும் பெரிதாக இராது. பல ஆண்டுகள் சென்று, குழந்தை இல்லையே என்று சோதிக்கும்போதுதான் பல பெண்களுக்கு இது தெரியவருகிறது. உலகின் காசநோயாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர் என்பதைக் கொண்டு, எத்தனை வீடுகளில் இது மறைந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். கருச்சிதைவுக்குப் பிறகு கருப்பையைச் சுரண்டித் துப்புரவு செய்யும்போது அடியடுக்கு வரையில் சேதமாவதும் இந்நோய்க்கு மற்றொரு காரணம். கிருமி செய்த கேட்டுக்கும் கருவி செய்த கேட்டுக்கும் ‘மலடி’ என்ற பட்டம் மட்டும் அப்பெண்ணுக்கு!

இனி எய்ம்ஸ் முயற்சிக்குத் திரும்புவோம். மஜ்ஜையிலிருந்து சென்ற அணுக்கள் உள்ளே என்ன செய்தன? அவையே கருப்பைப் படலமாக மாறினவா? அல்லது உறங்கிக் கிடந்த பழைய குருத்தணுக்களைத் தட்டி எழுப்பினவா? அல்லது மாத்திரைகளுக்கும் அதில் பங்குண்டா? அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து ஹியூ டெய்லர் 2004-இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டிருந்தார். பிறரிடமிருந்து எலும்பு மஜ்ஜை பெற்ற நான்கு பெண்களின் கருப்பைப் படலத்தைச் சோதித்தபோது, கொடுத்தவருடைய உயிரணுக்கள் அதில் காணப்பட்டனவாம். ஆகவே முதற்சொன்ன வழி நடக்கக்கூடியதே என்று தோன்றும். ஆனால் இரண்டாவது வழியே பெரும்பங்கு வகிக்கிறது என்று வாதிப்போரும் உளர். எது உண்மை என்று அறிய, உயிரோடிருக்கும் பெண்ணின் கருப்பையை நாள்தோறும் திறந்து பார்ப்பது இயலுமா? அது கூடாத காரியம். இங்கேதான் ஆய்வுச்சாலையில் வளர்க்கும் மாதிரிப் படலத்தின் தேவை பிறக்கிறது.

‘எலிகளைக் கொண்டு ஆராயலாமே’ என்று கேட்கலாம். ஆய்வுச்சாலைகளில் வழக்கமாக வளர்க்கும் சுண்டெலிக்கு மாதவிடாயே கிடையாது. மனிதர், குரங்கினங்களில் சில, வௌவால்களில் சில என்று மிகச் சில பிராணிகளுக்கே அது உண்டு. எகிப்து நாட்டு முட்சுண்டெலி வகை ஒன்றுக்கு மாதவிடாய் உண்டென்பது 2017-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மார்க்கீ என்ற அமெரிக்க விஞ்ஞானி 1940-இல் செய்ததைக் கேட்டால் வியப்பும் சற்று அருவருப்பும் ஒருங்கே உண்டாகும். பெண் குரங்கின் கருப்பைப் படலத்தில் ஒரு துணுக்கை எடுத்து, அதே குரங்கின் கண்ணின் முன்னறையில் பதித்துவிட்டார்! கருவிழியின் மேற்பகுதி கண்ணாடி போன்றதாகையால், துணுக்கு வளர்வதையும், இரத்த நாளங்கள் சுருங்குவதையும், மாதவிடாய்ப் போக்கு வெளிப்படுவதையும் சன்னல் வழியே பார்ப்பது போலப் பார்த்தார். மாதவிடாய் எப்படி நிகழ்கிறது என்பதைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பல அந்தக் குரங்கின் கண் வழியே வந்தவை.

அத்தகைய கொடுமை இப்போது தேவைப்படவில்லை. 2009-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் என்பவரின் ஆய்வுச்சாலையில் தோஷிரோ சாட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர், குடலின் ஒற்றைக் குருத்தணுவிலிருந்து குடற்சுவர் போன்ற சிற்றுருவை வளர்த்துக் காட்டினார். இத்தகைய சிற்றுருவுக்கு ‘ஆர்கனாய்டு’ என்று பெயர். அவ்வழியைப் பின்பற்றி 2017-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கருப்பைப் படலத்தின் சுரப்பிகளை வளர்த்தன. ஒன்று பெல்ஜியத்தில் லூவன் நகரில் ஹ்யூகோ வாங்கெலெகோம் தலைமையில் நடந்தது. மற்றொன்று கேம்பிரிட்ஜில் மார்கெரிட்டா துர்கோ, ஆஷ்லி மொஃபெட், கிரஹாம் பர்ட்டன் முதலியோரால் நடந்தது.

செய்முறையைக் கூறுகிறேன். படலத்திலிருந்து எடுத்த சிறு துணுக்கைக் கரைத்துச் சுரப்பிகளைப் பிரிக்கிறார்கள். அவற்றை ஒருவிதப் பசையில் பதிக்கிறார்கள். இந்தப் பசை வேடிக்கையானது. தில்லிக் குளிரில் நெய் கல்லாக உறைந்து, அடுப்பருகே வைத்தால் உருகுவதை நம் இல்லத்தரசிகள் அறிவார்கள். இப்பசையோ குளிரில் நீராக ஓடுகிறது, உடல் வெப்பத்தில் உறைந்து கெட்டியாகிறது. தட்டையான கண்ணாடித் தட்டில் வளர்த்தால் உயிரணுக்கள் தம் இயல்பை மறந்து பரந்து கிடக்கும். எல்லாப் பக்கமும் அணைத்துக்கொள்ளும் பசையிலோ அவை தம் பழைய வடிவத்தை நினைவுகூர்ந்து, உள்ளே குழிவான சிறு உருண்டைகளாகத் திரள்கின்றன. குருத்தணுக்கள் பெருகுவதற்கு வேண்டிய புரதங்களைத் தீவனமாக ஊற்றுகிறார்கள். உருண்டையை உடைத்துப் பதித்தால் ஒவ்வொரு துண்டும் மறுபடி உருண்டையாகிறது. பல மாதங்கள் வளர்க்கலாம்; உறையவைத்துப் பாதுகாத்து, வேண்டும்போது எழுப்பவும் செய்யலாம்.

உருண்டைகள் வளர்ந்ததைக் காட்டிலும் அவை நடந்துகொண்ட விதம்தான் பெரிது. முதலில் ஈஸ்ட்ரோஜனையும் பின்பு புரோஜெஸ்டரோனையும் ஊற்றியபோது, மாதத்தின் பிற்பாதியில் பெண்ணின் உடலில் சுரப்பிகள் எவ்வாறு மாறுமோ அவ்வாறே கிண்ணத்திலும் மாறின. கருவுற்ற தொடக்க காலத்தில் ஊறும் ஹார்மோன்களையும் சேர்த்தபோது, தாயின் வயிற்றில் கரு வந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு அதற்குரிய சுரப்புகளை வெளியிட்டன. கிண்ணத்திலுள்ள சுரப்பிக்குக் கரு வந்ததாக ஒரு சொப்பனம்!

இதன் தொடர்ச்சியாக 2021-இல் கேம்பிரிட்ஜ் குழுவினர் மாதவிடாய்ப் போக்கிலிருந்தே இச்சிற்றுருக்களை வளர்க்கலாம் என்று காட்டினார்கள். இதில் நான் சற்றுத் தாமதிக்க விரும்புகிறேன். நம் பாட்டிமார் காலத்தில் மூன்று நாட்கள் கொல்லைப்புறத்தில் ஒதுங்கியிருந்தார்கள். ‘தூரம்’ என்றும் ‘வீட்டுக்கு விலக்கு’ என்றும் பெயரிட்டுத் தொடாமலும் பேசாமலும் ஒதுக்கினோம். தில்லிக்கு வந்து இரண்டறைக் குடியிருப்பில் வாழ நேர்ந்த பிறகு, கொல்லைப்புறம் இல்லாத காரணத்தாலேயே பல வீடுகளில் அவ்வழக்கம் தானாக நின்றது. நாம் தீட்டு என்று தள்ளிய அதே பொருளில் உயிருள்ள சுரப்பித் துணுக்குகளும் குருத்தணுக்களும் இருக்கின்றன. துணுக்கு எடுப்பதற்காகக் கருப்பைக்குள் கருவி நுழைக்கும் வேதனை பெண்ணுக்கு வேண்டியதில்லை. இவ்விஷயத்தில் சாஸ்திரம் பேசுவோரின் கருத்து எதுவாயினும், நுண்நோக்கியின் வழியே காண்பது இதுதான்.

வேறொரு பாதையும் உண்டு. ஜப்பானின் ஷின்யா யமனாகா, முதிர்ந்த உயிரணுவைப் பின்னோக்கி நடத்திக் குருத்தணுவாக்கும் உபாயத்தை 2006-இல் சுண்டெலியிலும், 2007-இல் மனித அணுவிலும் கண்டு, 2012-இல் நோபல் பரிசு பெற்றார். அத்தகைய குருத்தணுக்களிலிருந்து, புரோஜெஸ்டரோனுக்குச் செவிசாய்க்கும் கருப்பைத் தாங்கு திசு அணுக்களை உண்டாக்கிய செய்தி 2018-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அடியடுக்கே அழிந்துபோன பெண்ணுக்கும் அவளுடைய தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ அணுக்களை எடுத்து இவ்வாறு மாற்றலாம் என்பது இப்பாதையின் சிறப்பு. மேலும் 2021-இல் வியன்னா நகரில் நிக்கோலா ரிவ்ரான் குழுவினர், குருத்தணுக்களால் ஆன கரு போன்ற உருவங்களைக் கிண்ணத்திலுள்ள கருப்பைப் படலத்தின்மேல் விட்டுப் பார்த்தார்கள். ஹார்மோன் ஊட்டிப் பக்குவப்படுத்திய படலத்தில் அவை ஒட்டிக்கொண்டன, ஊட்டாததில் ஒட்டவில்லை. கரு எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பது தாயின் உடலுக்குள் எவரும் கண்டிராத காட்சி. சோதனைக்குழாய் முறையில் நல்ல கருவை வைத்தும் தங்காமற் போகும்போது, குறை வித்திலா நிலத்திலா என்று பிரித்தறிய இத்தகைய மாதிரிகள் ஒரு நாள் துணைபுரியலாம்.

மாதிரி மாதிரியே தவிர கருப்பை ஆகாது. 2017-இல் வளர்த்த உருண்டைகளில் சுரப்பி மட்டுமே இருந்தது. தாங்கு திசு இல்லை, இரத்த நாளம் இல்லை, நோயெதிர்ப்பு அணுக்கள் இல்லை. பின்னால் வந்தவர்கள் தாங்கு திசுவையும் சேர்த்து வளர்த்திருக்கிறார்கள். இதில் குழந்தை வளராது. அதற்காக உண்டாக்கியதும் அன்று.

இதை வைத்துக்கொண்டு எய்ம்ஸில் பலன் காணாத அந்த ஆறாவது பெண்ணை எண்ணிப் பார்க்கிறேன். அத்தகைய நிலையிலுள்ள ஒருவரிடமிருந்து கிடைக்கும் சிறு துணுக்கைப் பசையில் பதித்து ஹார்மோன் ஊட்டும்போது அது வளருமானால், கிழங்கு உயிரோடிருக்கிறது, இரத்த ஓட்டமோ வடுவோதான் தடை என்று கருதலாம். வளராவிட்டால் கிழங்கே போயிற்று என்று ஐயுறலாம். முன்னதற்கு ஒரு மருந்து, பின்னதற்கு வேறொரு மருந்து. மும்பை பரேலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையத்தில் கருப்பைப் படலத்தைப் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலமாக நடந்து வருகிறது. காசநோயால் தேய்ந்த படலம் என்பது மேல்நாட்டாருக்கு அரிய நோய். அவர்கள் நமக்காக அதை ஆராய்ந்து தருவார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. நம் நாட்டு ஆய்வுச்சாலைகள் முதலில் வளர்த்துப் பார்க்கவேண்டிய மாதிரி அதுவே என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவையும் விரித்துரைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ‘ஸ்டெம் செல்’ என்ற பெயரைச் சொல்லிப் பணம் பறிக்கும் இடங்களும் பெருகிவிட்டன. எங்கள் குடியிருப்புக்கு அடுத்த வரிசையில் வசிக்கும் ஒரு தம்பதி, தஞ்சைப் பக்கத்தில் இருந்த பூர்வீக நிலத்தில் ஒரு பகுதியை விற்றுவந்து இத்தகைய சிகிச்சைக்குக் கட்டினார்கள். என்ன செலுத்தினார்கள், எத்தனை பேருக்குச் செய்து எத்தனை பேருக்குப் பலித்தது என்று எழுத்தில் ஒரு வரியும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. “ஏன் அண்ணா கேட்கவில்லை?” என்று அந்தக் கணவரிடம் வினவினேன். “கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயம், தம்பி” என்றார். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த பெண்ணைப் பற்றி நாம் பழமொழி சொல்லிச் சிரிக்கிறோம். மரத்தைச் சுற்றுவதற்காவது யாரும் இலட்சக் கணக்கில் கட்டணம் வாங்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதனைத் தெளிவாகக் கூறுகின்றன. சில இரத்த நோய்கள் முதலியவற்றுக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்வது ஒன்றே வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்பட்டது. மற்றெல்லாம் முறைப்படி அனுமதி பெற்ற பரிசோதனையாக மட்டுமே நடத்தப்பட வேண்டும். கருப்பைப் படலத்துக்கான குருத்தணுச் சிகிச்சையும் இந்த ‘மற்றெல்லாம்’ என்பதில் அடங்கியதே.

ஆகவே எவரேனும் இச்சிகிச்சையைக் கூறினால், இந்தப் பரிசோதனை பதிவு செய்யப்பட்டதா, பதிவெண் என்ன, அறநெறிக் குழுவின் அனுமதி உண்டா என்று தயங்காமல் கேட்கலாம். மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடு 2007-இல் தொடங்கப்பட்டு, 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. அதனை எவரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கலாம். பதிவெண்ணைத் தட்டினால் எந்த மருத்துவமனை, எத்தனை நோயாளிகள், யார் பொறுப்பு என்பதெல்லாம் தெரியும். அதற்கும் முன்பாகக் கருப்பைக் காசநோய் உண்டா என்று சோதித்துக்கொள்வது அவசியம். காசநோய்க்கு அரசாங்க மருத்துவமனைகளில் மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. படலம் தேய்வதற்கு முன்பே நோய் கண்டுபிடிக்கப்பட்டால், மஜ்ஜையைத் தேடிச் செல்லவேண்டிய நிலை பலருக்கு வாராது.